ராத்தா மூடிய முகங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்து ஆறாவது கிழமை அது. புத்தளம் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு, நானும் என் கூட்டாளி ஒருவனும் ஒரு சித்திரக்கதையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது என் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு, முப்பத்தைந்து வயதில் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த என் ராத்தாவின், என் மூத்த சகோதரியின், வாசிப்பை நிறுத்திவிட்டது. நிறுத்தியது நான்தான் என்பதுகூட எனக்கு ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சித்திரக்கதையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாயகனின் பெயரை நான் எழுதவில்லை. வாசித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், வாசிக்காதவர்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு துறைமுக நகரம். அதில் முகம் முழுவதையும் துணியால் மூடிக்கொண்டு திரியும் ஒருவன். தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தேடிக்கொண்டிருப்பான், தேடுகிற வழியில் மற்றவர்களின் பிரச்சினைகளையும் தீர்த்துவைப்பான். அவ்வளவுதான் கதை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஓ.எல் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். மதுரங்குளிப் பக்கம் ஒரு பாடசாலையில் இன்றைக்கு ஆசிரியராக இருக்கிறேன் என்றால், அதில் அந்த முகமூடிக்காரனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது கடதாசிப் பை ஆவதற்காக. யுத்தத்தில் முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட்ட தொண்ணூறில் வாப்பாவும் உம்மாவும் மன்னாரிலிருந்து வெளியேறி வந்தபோது ராத்தா இடுப்பில் இருந்த பிள்ளை. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் இடம் மாறி இடம் மாறித் திரிந்தார்கள். ஓரிடத்தில் நிலைத்தபோது நான் பிறந்துவிட்டேன், என்னைத் தூக்கித் திரிவது ராத்தாவின் வேலையாகிவிட்டது. ஓதப்பள்ளிக்குப் போய்க் குர்ஆன் ஓதப் பழகினார். தமிழ் எழுத்து அவருக்குக் கிடைக்கவில்லை. வாப்பாவுக்கு வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலை. உம்மாவும் ராத்தாவும் புத்தளம் டவுனிலிருந்து வரும் பழைய பேப்பர் கட்டுகளைப் பிரித்து, கோதுமை மாவில் பசை காய்ச்சி, கடைகளுக்குப் பை ஒட்டிக் கொடுப்பார்கள். ஒருநாள் அப்படி வந்த கட்டுக்குள் இந்தியாவில் அச்சான சித்திரக்கதைப் புத்தகங்கள் பதினொன்று இருந்தன. ராத்தா அவற்றைக் கிழிக்காமல் எனக்காக ஒளித்துவைத்தார். நான் அப்போது இரண்டாம் ஆண்டு.

வாப்பாவுக்கு அவை வீட்டில் இருப்பது சங்கடமாக இருந்தது. எங்களுக்கு ஒரே அறை. அதில்தான் தொழுகை, அதில்தான் சாப்பாடு, அதில்தான் நித்திரை. தொழுகிற இடத்தில் உருவப் படம் இருக்கக் கூடாது என்பதில் வாப்பா கண்டிப்பு. அலுமாரிக்குள் மூடிவைத்த புத்தகத்துக்கும் அது பொருந்துமா என்று ஒரு மௌலவியிடம் கேட்டிருக்கலாம். வாப்பா கேட்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன்ட மொகம் மூடித்தானே இரிக்கி. இவன் இரிக்கட்டும். மத்தாக்கள்ற மொகத்தயும் மூடிப்போட்டு வெச்சிக்கோங்க" என்றார்.

ராத்தா நீலப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினொரு புத்தகத்துக்கும் மூன்று கிழமை போனது. கிறுக்கி அழிக்கவில்லை. நாயகனுக்கு இருந்த மாதிரியே விளிம்பு கீறி, பின்பக்கம் முடிச்சும் போட்டு, பொலிஸ்காரனுக்கு, கொலைகாரனுக்கு, மீன் விற்கிறவனுக்கு, நீதிபதிக்கு என்று எல்லோருக்கும் முகமூடி கட்டிவிட்டார். பெண்களுக்குத் தலைத்துணியைக் கீழே இழுத்து மறைத்தார். எங்கள் பிரதிகளில் அந்த நகரம் முழுக்க முகமூடிக்காரர்கள். முகத்தைப் பார்த்து நல்லவன் யார், கெட்டவன் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பேச்சுக் கூட்டுக்குள் இருக்கும் எழுத்தை வாசித்தால்தான் உண்டு. வகுப்பில் மற்றப் பிள்ளைகளைவிட நான் வேகமாக வாசிக்கப் பழகியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நான்காம் ஆண்டில் கற்பிட்டியிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த ஒருவன், நான் மேலே சொன்ன கூட்டாளிதான் அவன், அதே தொடரில் ஓர் இதழைக் கொண்டுவந்து காட்டினான். அதில் எல்லோருக்கும் மூக்கும் வாயும் இருந்தன. எனக்கு அது அச்சுப் பிழை என்றுதான் பட்டது. பாவம், ஏமாந்து வாங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்த்துச் சேர்த்து ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறோம். அதோடு முகநூலில் ரசிகர் குழு ஒன்று. இந்த இடத்தில் என் சலிப்பையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

எங்கள் முகமூடிக்காரனை மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள். முதல் தரம் வர்ணம் பூசிக் கொண்டுவந்தார்கள், நான் அப்போது ஏ.எல் வகுப்பில். சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தரம் அவனைக் கிழவனாக்கிக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் வாங்கினேன். மூன்றாம் தரம் மறுபடியும் இருபது வயது. ஒவ்வொரு தரமும் அவனுடைய தகப்பன் புதிதாக இறந்தார். பழைய தொடரில் துறைமுகத்தில் சுட்டார்கள். வர்ணத்தொடரில் கப்பலோடு எரிந்தார். பிறகு சிறையில் உயிர்விட்டார். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அந்த மனிதரை எத்தனை தரம்தான் அடக்குவது? ஒரு கதையை நம்பிப் பத்து வருடம் அதனோடு இருந்தவனிடம், அதெல்லாம் நடக்கவில்லை, இனி இதுதான் நடந்தது என்று சொன்னால் மனிதன் களைத்துப்போவானா இல்லையா?

மூன்றாவது தொடரின் முதல் புத்தகத்தைக் கொழும்பில் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர் பெருநாளுக்கு வரும்போது கொண்டுவந்து தந்தார். பாடசாலை திறந்த அன்று பாலாவிச் சந்தியில் பஸ் மாறி உட்கார்ந்து வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் அவன் முகமூடியைக் கழற்றிவிட்டான். சும்மா, ஆஸ்பத்திரியில், தகப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றினான். சரியான புத்தகம்தானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்தும் கண்ணாடி போடாதவர்களுக்கென்று அடித்ததுபோல் பெரிது பெரிதாக. வசனங்கள் துண்டு துண்டாக. பழைய தொடரின் நீண்ட தமிழ் போயே போய்விட்டது.

அன்று பின்னேரமே ரசிகர் குழுவில் நீளமாக எழுதினேன். புதிய வாசகனைப் பிடிப்பதற்காகப் பழைய வாசகனை விற்றுவிட்டார்கள் என்று தொடங்கினேன். யார் இந்தப் புதிய வாசகர், எங்கே இருக்கிறார், ஒருவரையாவது கொண்டுவந்து காட்டுங்கள் என்று முடித்தேன். நிறையப் பேர் ஆமோதித்தார்கள். இரண்டாம் பாகம் எழுதச் சொன்னார்கள். புத்தகத்தை முன்னறை மேசையில் போட்டுவிட்டு, இரண்டாம் பாகத்துக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை கூட்டாளி வந்தது அதைப் பற்றிக் கதைக்கத்தான். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். நான் பழைய ஆவேசத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போனேன். அவன் என்னைப்போல் இல்லை, எதையும் பகிடியாக எடுப்பவன். "தகப்பன் ஹயாத்தோட, உசிரோட இருந்தா கொமிக்ஸ்காரனுக்கு யாவாரம் இல்ல மச்சான்" என்றான். அடுத்த தரமும் நான்தான் முதலில் வாங்குவேன் என்று பந்தயமும் கட்டினான்.

ராத்தா எங்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்தார். வீடு ராத்தாவின் வீடுதான். ராத்தாவின் கணவர், என் மச்சான், கட்டாரில், வாப்பா மவுத்தாகி நாலு வருடம், உம்மாவும் ராத்தாவும் அவர் மகளும் இருக்கிற வீட்டில் நானும் ஓர் அறையில் ஒண்டியிருக்கிறேன். ராத்தா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். எங்கள் கதைக்குள் அவர் ஒருநாளும் வந்தது கிடையாது. அன்றைக்கு வந்தார்.

"புதுசுதான் தம்பி நல்லா இரிக்கி. தகப்பன்ட கைய விடக்குள்ள அவன் அழுறது தெரியுது. பழசுல அழுதானா சிரிச்சானா எண்டே தெரியா."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ராத்தா, படத்தப் பாத்துட்டுக் கதைக்கப்படாது. இது வாசிக்கத் தெரிஞ்சாக்கள்ற விசயம்."

கூட்டாளி சிரித்தான். பகிடி என்று நினைத்துத்தான் சிரித்திருப்பான். நானும் அதைப் பகிடியாகத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்படி இல்லை. களைத்துப்போயிருந்தேன், என்னோடு ஒத்துப்போகாத ஒரு குரல் அந்த நேரத்தில் எனக்கு வேண்டாமாக இருந்தது.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் ராத்தா. வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் மாலை அசர் பாங்கு சொல்லும்வரை கதைத்தோம்.

அடுத்த வியாழக்கிழமை, இரண்டாம் பாகத்தில் போடுவதற்குச் சில பக்கங்களைப் படமெடுக்கலாம் என்று அந்தப் புத்தகத்தைத் தேடினேன். மேசையில் இல்லை. அலுமாரிக்குள், பழைய புத்தகங்களுக்கு மேலே, ஒரு துணியால் சுற்றி வைத்திருந்தது. திறந்து பார்த்தேன். பக்கமெல்லாம் பென்சில் கோடுகள்.

புத்தகத்தில் ஒரு மடிப்பு விழுந்தாலே எனக்குப் பொறுக்காது. ராத்தாவின் மகள்தான் கீறியிருக்கிறாள் என்று நினைத்துக் கூப்பிட வாயெடுத்தேன். பிறகு பார்த்தால் அது சின்னப்பிள்ளையின் கோடு இல்லை. மெல்லியது, ஒரே அளவு. நீளமான சொற்களை நடுவே நடுவே பிரித்துக் கோடு போட்டிருந்தது. எங்கள் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டப் பழக்கும்போது நாங்கள் போடும் அதே கோடு. சில சொற்களுக்குப் பக்கத்தில் புள்ளி. 'நிரபராதி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று புள்ளி, மூன்று தரம் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியது போல. பக்கங்களைத் தட்டிக்கொண்டே போனேன். முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து. கோடுகள் வரவரக் குறைந்துகொண்டு வந்தன, கோடில்லாமலே வாசிக்கப் பழகிவிட்டது தெரிந்தது. நாற்பத்தாறாம் பக்கத்தில் பாதிவரை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மிச்சப் பதினெட்டுப் பக்கமும் அச்சகத்திலிருந்து வந்தபடி இருந்தன.

அது எந்த நாளில் நின்றது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ராத்தா வீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து காய்ந்த கொச்சிக்காயில், மிளகாய் வற்றலில், காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். புத்தகத்தோடு போய் நின்றேன். "இது நீங்களா கீறினது?" என்று கேட்டேன். என் கேள்வி அவருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது.

"அழிறப்பரால அழிச்சுத் தாறன் தம்பி. பென்சில்தான், அடையாளம் தெரியாமப் போயிரும்" என்றார்.

இதை எழுதும்போதுகூட அந்த இடம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்னை இடுப்பில் சுமந்தவர், ஒரு புத்தகத்துக்காக என்னிடம் பயந்தார்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் காம்பு கிள்ளத் தொடங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கொரோனா நேரத்தில் மகளின் பாடங்கள் போனில் வந்தன. தான் முதலில் படித்தால்தானே மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பழகியிருக்கிறார். அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்து நான் என் மாணவர்களுக்கு வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். ஆசிரியர் இருக்கிற வீட்டில் பிழை பிழையாக வாசிக்க வெட்கமாக இருந்ததாம். பாடப்புத்தகம் தவிர முழுதாக ஒரு கதையை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார், எழுத்து பொடிப்பொடியாக, வசனம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. மேசையில் புதியது கிடந்தது. முதல்நாள் அதைப் பின்பக்கத்திலிருந்து திறந்தாராம். அவர் முழுதாக ஓதி முடித்த ஒரே புத்தகமான குர்ஆன் அந்தப் பக்கத்திலிருந்துதானே திறக்கும். பக்க எண் அறுபத்துநாலு என்று கண்டபிறகுதான் விளங்கியதாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

எனக்குச் சிரிக்க முடியவில்லை. அந்த முகமூடி விஷயத்தில் நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று சொல்ல முயன்றேன். பழைய கதையில் யாருக்கும் முகம் இல்லை, நான் அப்படித்தான் அதை வாசித்து வளர்ந்தேன் என்றேன். சொல்லும்போதுதான், யாரிடம் இதைச் சொல்கிறேன் என்பது உறைத்தது.

ராத்தா கொச்சிக்காயைச் சுளகில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாப்பா மூடச் சொன்னார்தானே. மூடுறதுக்கு முந்தி ஒவ்வொரு மொகத்தயும் நல்லாப் பாத்துட்டுத்தான் மூடுவன். எனக்கு எழுத்துத் தெரியாதே. கோவமா, பயமா, பொய் சொல்றானா எண்டு மொகத்துலதான் நான் கதையக் கண்டுபுடிக்கிற. பாத்து முடிஞ்சா மூடிப்போட்டு ஒனக்குத் தாற."

மூன்று கிழமை ஏன் போனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு புத்தகங்களையும் முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில் இத்தனை வருடமாக உலகத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் வாசித்தது பாதி. மற்றப் பாதியை ஒருதரம் பார்த்துவிட்டு, தன் கையாலேயே மூடிவிட்டு, எனக்குத் தந்தவர் அவர். அவருக்கும் என் பாதி கிடைத்ததில்லை.

"இதுலதான் ரெண்டும் சேந்து இரிக்கி" என்றார், புத்தகத்தைக் காட்டி.

நான் கதைத்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். இது எங்கள் வீட்டில் வழக்கமில்லாத பேச்சு, இருவருக்குமே கூச்சமாகிவிட்டது. நீ சொன்னதில் என்ன பிழை, வாசிக்கத் தெரியாமல்தானே இருந்தேன் என்று அவர் முடித்துவிடப் பார்த்தார். மிச்சத்தை வாசியுங்கள் என்றேன். வேண்டாம் தம்பி, வேலை கிடக்கிறது என்றார். அந்தக் குரலை நான் அறிவேன். வேண்டும் என்பதை வேண்டாம் என்று சொல்லி வளர்ந்த குரல். இனி அவர் அதைத் தொடவே மாட்டார் என்று எனக்குப் பயம் வந்தது. குறைந்தது கதையாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று, நாற்பத்தாறாம் பக்கத்துக்குப் பிறகு நடப்பதைச் சொல்லத் தொடங்கினேன்.

"இதுக்குப் பொறகு அந்தப் படகோட்டி இரிக்கான்தானே, அவன்…"

"சொல்லாத." கொச்சிக்காய்க் கையை என் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார். "சொல்லிப்போடாத. நானே பாத்துக்குறன்."

எத்தனையோ ரசிகர்கள் என்னிடம் அப்படிக் கோபப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் எடுத்தது. ஒருநாளைக்கு இரண்டு மூன்று பக்கம், சில நாள் ஒன்று, மகளின் பரீட்சை வந்த நாளில் ஒன்றுமில்லை. புத்தகம் மறுபடி மேசைக்கு வந்தது, பக்கத்தில் பென்சிலும் வந்தது. ரசிகர் குழுவில் இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சுகமில்லை என்று பொய் சொன்னேன். கூட்டாளி வந்து முற்றத்திலேயே முடிவைப் பற்றித் தொடங்கினான், அவனைக் கையைப் பிடித்துக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும், அன்றைக்குத் தான் சிரித்திருக்கக் கூடாது என்றான்.

ஒன்பதாம் நாள் நான் பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ராத்தா வாசலுக்கு வந்துவிட்டார்.

"முடிவு சரியில்ல தம்பி. தகப்பன இவ்வளவு அவசரமா மவுத்தாக்கி இரிக்கத் தேவல்ல. இன்னும் ஒரு புத்தகத்துக்காவது வெச்சிருந்திருக்கலாம்."

நான் அந்த முடிவுதான் புத்தகத்தில் உருப்படியான ஒன்று என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தைத் திருப்பிக் காட்டிக் காட்டி வாதாடினார். அந்தி மஃரிபு பாங்கு சொல்லும்வரை போனது அந்தக் கதை. நான்தான் தோற்றேன்.

புதிய தொடர் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ராத்தாவுக்காகப் பிடித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்னும் சில வருடத்தில் நான்காம் தரமும் தொடங்குவார்கள், அந்தத் தகப்பன் மறுபடியும் இறப்பார், நினைக்கும்போதே களைப்பாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் பாகத்தை நான் எழுதவே இல்லை. இத்தனை வருடமாக ஒரு கதைக்காக எவ்வளவோ கதைத்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், சண்டை பிடித்திருக்கிறேன். ராத்தா அதை வாசித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்த அந்த ஒன்பது நாட்கள்தான், ஒரு ரசிகனாக நான் அதற்குச் செய்த ஒரே நல்ல காரியம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.